ஒரு யூரோ ஞாயிறு

எங்கள் கடையில் கிழமைதான் விலை.
திங்கள் காலை லாரி வரும்,
ஸ்வீடன்காரிகளுக்கு அலுத்துப்போனதெல்லாம்
கௌனஸ் நகரத்துக் கம்பிகளில் ஏறித் தொங்கும்.
செவ்வாய் கொஞ்சம் இறங்கும், புதன் இன்னும் கொஞ்சம்,
வெள்ளி பாதி, சனி அடிமாட்டு விலை,
ஞாயிறு எதைத் தொட்டாலும் ஒரு யூரோ.

நான் பதினாறாம் எண் டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
ஷிப்ட் முடிந்தால் ஏழு நிமிட நடை.
திங்களன்று வாங்கப் போவதில்லை, பார்க்கப் போவேன்.
பார்ப்பதற்கு இன்னும் எவரும் விலைச்சீட்டு தைக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கம்பி நெடுக விரலை ஓட்டினால்
பாலியஸ்டர் வழுக்கிப் போகும்,
அக்ரிலிக் பல்லைக் கூசவைக்கும்,
நல்ல கம்பளி மட்டும்
பூனை மாதிரி நின்று, திருப்பி உரசும்.

அப்படித்தான் அந்தக் கோட்டு என்னை உரசியது.
மோர் ஊற்றிய பீட்ரூட் சூப்பின் நிறம்,
ஜூலையில் நாங்கள் குளிரக் குளிரக் குடிக்கும் அதே நிறம்.
உள்பையில் கோத்தன்பர்க் டிராம் டிக்கெட் ஒன்று.
தொழில் புத்தி, தேதி பார்த்தேன்:
காலாவதியாகி நாலு வருடம்.
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
விலை முப்பத்தெட்டு.

வீட்டில் ஒரு மீன் டப்பா இருக்கிறது.
மூடியில் 'நிதா' என்று எழுதியிருக்கிறேன்:
மணல்மேடு, கடல், மூன்று இரவு, ஆகஸ்ட்.
விதி ஒன்றுதான்.
திங்கள் விலையில் நான் கொடுத்ததுபோக மீதியை
அன்றிரவே டப்பாவில் போட்டாக வேண்டும்.
வாயாலேயே மிச்சம் பிடித்து
முப்பத்தொரு கைப்பை சேர்த்த காலமும் உண்டு.
'பாதி விலை, பாதி விலை' என்று சொல்லிச் சொல்லியே
அக்கா நியோலேயிடம் வாடகைக்குக் கடன் கேட்டு நின்றேன்.

செவ்வாயன்று கோட்டை ஆண்கள் பகுதியில்,
யானைக்குத் தைத்த சூட்டுகளுக்கு நடுவே சொருகினேன்.
குற்றம்தான். எல்லோரும் செய்வதுதான்.
புதன், அங்கேயே இருந்தது.
முழங்கையைத் தொட்டு நலம் விசாரித்து வந்தேன்.
வியாழன், காணோம்.
வயிறு கலங்கத் தேடினால்
திரைச்சீலைகளுக்குள்
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறது.
வேறொரு கள்ளக்கை!
நானும் விடவில்லை, குழந்தைகளின் பனிச்சட்டைக்குள் ஒளித்தேன்.
வெள்ளி, மறுபடி திரைச்சீலை.
பத்தொன்பது யூரோ. கை பர்ஸ்வரை போனது.
பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
எனக்குப் பூமி வேண்டாம்,
தோள்பட்டை சரியாக உட்கார்ந்தால் போதும்.

சனி, எனக்கு இரட்டை ஷிப்ட்.

ஞாயிறு, கதவு திறக்குமுன் நாற்பது பேர்.
திரைச்சீலை நோக்கி ஓடியது இரண்டே பேர்.
எதிரே மூச்சிரைக்க கின்டவுதஸ்,
வங்கி வாசலில் காவல் நிற்பவர்,
தினம் என் வண்டியில் ஏறி ஒரு வார்த்தை பேசாதவர்.
திரைச்சீலைக்குள் திரைச்சீலை மட்டும் இருந்தது.
'நீங்களா?' என்றார்.
'நீங்களா?' என்றேன்.
'மனைவிக்கு' என்றார், நான் கேட்காமலே.
பிறகு, மெதுவாக,
'ஒரு தடவை நானே போட்டுப் பார்த்தேன்.'
அவர் கழுத்து கோட்டின் நிறத்துக்கு வந்தது.
அவர் ஒரு டை எடுத்தார், கிளிகள் போட்டது.
நான் ஒரு மேசைவிரிப்பு, மூலையில் யாரோ சிந்திய ஒயின்.
ஆளுக்கு ஒரு யூரோ.

இரவு டப்பாவைத் திறந்தேன்.
வாங்காத கோட்டுக்கு எவ்வளவு போடுவது?
விதியில் இல்லை.
சினிமாவுக்குப் போயிருந்தால் ஆகியிருக்கும்
ஏழு யூரோவைப் போட்டு மூடினேன்.
வியாழக்கிழமைக் காட்சிக்கு மட்டுமே தகும்.

திங்கள் காலை மழை.
நூலக நிறுத்தத்தில் ஏறியது கோட்டு.
உள்ளே ஒரு கல்லூரிப் பெண்,
கை நீளம் அதிகம், இரண்டு மடிப்பு.
மூன்றாம் இருக்கையில் கின்டவுதஸ்
கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.
கிளி டை கட்டியிருந்தார்.
அவள் உள்பையில் கைவிட்டு எதையோ எடுத்துத்
திருப்பித் திருப்பிப் படித்தாள்.

கதவை இரண்டு நொடி தாமதித்து மூடினேன்.
இந்நேரம் லாரி வந்திருக்கும்.